சோபாப் பட்டறைத் துண்டுத் தோலில் சிறு பொருள்கள்: ஓரம் பஞ்சாகப் பிரிகிறது, என்ன செய்வது?

பைண்டிங்காரர் (திருச்சி) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் அச்சகம் ஒன்றின் பைண்டிங் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். புத்தகத்துக்கு முதுகு கட்டுவதைத் தவிர வேறு தொழில் தெரியாது.

எங்கள் தெருமுனையில் சோபா செய்து தரும் பட்டறை ஒன்று இருக்கிறது. போன மாதம் ஒரு மாலை, அங்கே வேலை செய்யும் பையன் வெட்டுத்துண்டுகளை வாசலில் குவித்து நெருப்பு வைக்கப் போனான். புகை நேராக எங்கள் மாடிக்குத்தான் வரும். சண்டை போடத்தான் படியிறங்கினேன். திரும்பி ஏறும்போது தோளில் ஒரு சாக்கு இருந்தது. நிறுத்துப் பார்த்தேன், 14 கிலோ. எடுத்துப் போனால் போதும் என்று காசுகூட வாங்கவில்லை. "இத்தனை வருடம் காகிதக் குப்பை, இனிமேல் தோல் குப்பையா?" என்று என் மனைவி கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

இரண்டு நாள் உட்கார்ந்து தரம் பிரித்தேன். பின்பக்கம் துணி நெசவு தெரிந்ததெல்லாம் ரெக்சின். அது 5 கிலோவுக்குப் பக்கம் வந்தது, திருப்பிக் கொடுத்துவிட்டேன். மீதி 9 கிலோ பின்பக்கம் பஞ்சுபோல, தோலாகத்தான் இருக்கிறது. காப்பி நிறம், அரக்கு நிறம், கொஞ்சம் கறுப்பு, மோர் நிறத்தில் ஒரு கைப்பிடி. பெரும்பாலும் உள்ளங்கை அளவு. நீளமான பட்டைகள் சில, நான்கு விரல் அகலம், இரண்டடி நீளம். பத்துத் துண்டுகளை அடுக்கி அழுத்தி அளந்ததில் 11 மில்லிமீட்டர் வந்தது. அப்படியானால் ஒன்று 1.1 மில்லிமீட்டர். நான் பழகிய ஆட்டுத்தோலைவிடத் தடிமன்; ஆனால் தொட்டால் துவண்டுவிடுகிறது.

பேத்திக்கு ஒரு காசுப்பை, எனக்கு ஒரு கண்ணாடிக் கூடு, சாவி தொங்கவிட ஒரு பட்டை, ஆசை இவ்வளவுதான். இணையத்தில் வெள்ளைக்காரர் ஒருவர் செய்து காட்டியதைப் பார்த்து அப்படியே செய்தேன். மூன்றும் பாழ்.

முதலாவது ஓரம். அவர் ஓரத்தில் தண்ணீர் தொட்டு மரக்கட்டையால் தேய்க்கிறார், கண்ணாடிபோல மின்னுகிறது. நானும் தேய்த்தேன். எனக்குப் பஞ்சு பஞ்சாகப் பிரிந்து, நனைந்த பூனைக்குட்டியின் காதுபோல ஆகிவிட்டது. கோந்து போட்டுத் தேய்த்தாலும் அதே கதை.

இரண்டாவது துளை. வட்டத் துளைப்பானால் ஓட்டை போட்டுத் தேன்மெழுகு பூசிய நூலால் தைத்தேன். நூலை இறுக்கியதும் ஓட்டை ஒவ்வொன்றும் நீள்வட்டமாக வாய் பிளந்தது. காசுப்பையின் விளிம்பு முழுக்க அலை அலையாக, கேழ்வரகு அப்பளம்போல நிற்கிறது.

மூன்றாவதுதான் மனதை வருத்தியது. புத்தக முதுகில் பெயர் பதிக்கும் பித்தளை எழுத்துகள் ஒரு பெட்டி நிறைய என்னிடம் இருக்கின்றன. சூடாக்கி, பேத்தியின் பெயரின் முதலெழுத்தை அழுத்தினேன். அழகாகப் பதிந்தது. காலையில் எழுந்து பார்த்தால், இருந்த இடம் தெரியவில்லை. ஆட்டுத்தோலில் நான் 1980களில் பதித்த எழுத்து இன்னும் அப்படியே இருக்கிறது. இந்தத் தோல் மட்டும் ஏன் இப்படி மறந்துபோகிறது?

இது தோலின் குறையா, கையின் குறையா என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சாக்கு இன்னும் நிறைந்துதான் இருக்கிறது.

குத்தூசி (கோயம்புத்தூர்):

ஐயா, தோலின் குறைதான். அதை வைத்துக்கொண்டு மல்லாடாதீர்கள். சோபாத் தோல் குரோமியத்தில் பதனிட்டது. நீங்கள் பார்த்த காணொளியில் இருப்பது மரப்பட்டையில் பதனிட்டது. இரண்டும் வேறு சாதி. ஓரம் மின்ன வேண்டும், எழுத்து நிற்க வேண்டும் என்றால் பட்டைத் தோல் நான்கு சதுர அடி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் ஊரிலேயே செம்பட்டுப் பக்கம் தோல் பதனிடும் தொழிற்கூடங்கள் இருக்கின்றன, விசாரித்துப் பாருங்கள். நானும் ஆரம்பத்தில் இலவசத் தோலில் ஆறு மாதம் வீணடித்தவன். இலவசம் என்பதால் வந்த வினை.

ஆம்பூர்த் தையல்:

தம்பி சொன்ன காரணம் சரி, முடிவு தவறு. அந்தத் தோலால் ஆகாதது எது என்று சொன்னீர்கள், ஆகிறது எது என்று சொல்லவில்லையே.

நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் 19 வருடம் தையல் பிரிவில் இருந்தவள். எங்கள் கையில் வந்ததெல்லாம் குரோம் தோல்தான். ஒரு நாள்கூட யாரும் ஓரத்தைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்ததில்லை. அதற்காக ஷூவின் ஓரம் பஞ்சாகவா இருக்கிறது? உங்கள் காலில் இருப்பதைக் குனிந்து பாருங்கள் ஐயா. மடித்துத் தைத்திருப்பார்கள்.

நீங்கள் 31 வருடம் என்ன செய்தீர்கள்? காலிகோத் துணியைச் சீவின அட்டையின்மேல் ஒட்டி, விளிம்பை உள்ளே மடித்து, மூலையை மடக்கி அழுத்தினீர்கள். அந்த வேலையைத்தான் இந்தத் தோல் கேட்கிறது. இது பெல்ட் செய்கிற தோல் இல்லை, போர்த்துகிற தோல். சோபாவின்மேல் போர்த்தத்தானே செய்தார்கள். நீங்களும் எதன்மேலாவது போர்த்துங்கள்.

முதலில் என்ன தோல் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு விரல் அகலத் துண்டு வெட்டிக் கொதிக்கிற தண்ணீரில் இரண்டு நிமிடம் போடுங்கள். உங்கள் பழைய ஆட்டுத்தோல் துண்டு ஏதாவது மிச்சமிருந்தால் அதையும் பக்கத்தில் போடுங்கள். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்டது சுருண்டு விறைத்துவிடும். குரோம் தோல் போட்டபடி கிடக்கும். இதைப் பார்த்தபிறகு ஏன் மறந்துபோகிறது என்று கேட்க மாட்டீர்கள். பட்டைத் தோலின் நார்களுக்கிடையே துவர்ப்புச் சத்து நிறைந்திருக்கும். ஈரமாக்கி அழுத்தினால் களிமண்போல அழுத்தியபடி நிற்கும். குரோம் தோல் ரப்பர் குணம், விட்டால் பழைய இடத்துக்கே போகும். போதாததற்குச் சோபாத் தோலின்மேல் சாயப்பூச்சு கனமாக இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், உருண்டு ஓடும்.

அடுத்து, துண்டுகளை நிறத்தை வைத்துப் பிரித்தீர்களா? அதை விடுங்கள், இழுவையை வைத்துப் பிரியுங்கள். சோபாவுக்கு வெட்டுகிறவன் முதுகுப்பக்கத்தை இருக்கைக்கு எடுத்துக்கொள்வான். உங்கள் சாக்குக்கு வந்தது பெரும்பாலும் வயிறு, தொடை, கழுத்து. ஒவ்வொன்றையும் நீளவாக்கில், அகலவாக்கில் இரண்டு கையாலும் இழுங்கள். குறைவாக நீளுகிற திசையைப் பின்பக்கம் அம்புக்குறி போட்டு வையுங்கள். சாவிப்பட்டை, கைப்பிடி எல்லாம் அந்தத் திசையில்தான் வெட்ட வேண்டும். பிறகு வழவழப்புப் பக்கம் உள்ளே போகும்படி மடித்துப் பாருங்கள். மெல்லிய கோடுகளாகச் சுருங்கினால் நல்ல இடம். காற்றுப் போன பலூன்போலத் தொளதொளவென்று சுருங்கினால் வயிற்றுப்பக்கம். அதை உள்பக்கத்துக்கு லைனிங்காக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் காசுப்பை அலை அலையாக நின்றதற்கு அந்த வயிறுதான் காரணம். அதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால் பின்னால் மல்துணி ஒட்டிவிடுங்கள். புத்தக முதுகுக்கு ஒட்டுவீர்களே, அதேதான். இழுவை நின்றுவிடும்.

இனி மடிப்பு. எங்கள் கணக்கு எளிது: மடிக்க 5 மில்லிமீட்டர், சீவ 10 மில்லிமீட்டர். அதாவது விளிம்பிலிருந்து 10 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பின்பக்கம் சீவ வேண்டும். அப்போதுதான் 5 மடிந்து 5-இன்மேல் உட்காரும்போது மொத்தத் தடிமன் பழைய தோலின் அளவிலேயே நிற்கும். 1.1 இருப்பதை ஏறக்குறையப் பாதியாக்குங்கள். கம்பெனியில் இதற்கு மெஷின் உண்டு. கையால் சீவுவது இந்தத் தோலில் கடினம், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கத்திக்கு முன்னால் தோல் சுருண்டு ஓடும். வழவழப்புப் பக்கத்தைக் கண்ணாடியிலோ கல்லிலோ படியவைத்து, இடது கை விரலால் இழுத்துப் பிடித்து, கத்தியைப் படுக்கவைத்து, ஒரே மூச்சில் எடுக்காமல் நான்கு தடவையாக எடுங்கள். கத்தி முடியை மழிக்கிற கூர்மையில் இருக்க வேண்டும். முடியவில்லை என்றால், பை தைக்கிற பட்டறை ஒன்றில் கொடுத்துச் சீவி வாங்குங்கள். வெட்கம் ஒன்றுமில்லை.

சீவிய இடத்தில் சொல்யூஷன் (ரப்பர்ப் பசை) மெல்லியதாகத் தடவி, கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு மடித்து, சுத்தியலால் தட்டுங்கள். வெளிவளைவில் சின்னச் சின்னச் சுருக்கமாகப் பிடிக்க வேண்டும். உள்வளைவில் 3 மில்லிமீட்டருக்கு வெட்டு விட வேண்டும். வழிந்த சொல்யூஷனைத் துடைக்காதீர்கள். காய்ந்தபிறகு ரப்பர்க் கட்டியால் உருட்டி எடுங்கள்.

துளைப்பானை மூட்டை கட்டி வையுங்கள். அது தோலை எடுத்துவிடுகிறது. இந்தத் தோலில் எடுத்த ஓட்டை வளர்ந்துகொண்டேதான் போகும். குத்தூசியால் சாய்வாகக் கீறல் மட்டும் போடுங்கள். கீறல் நூலைச் சுற்றித் தானே மூடிக்கொள்ளும். விளிம்பிலிருந்து 2 மில்லிமீட்டர் உள்ளே, கீறலுக்குக் கீறல் 3 அல்லது மூன்றரை. அதைவிட நெருக்கினால் தபால்தலை ஓரம்போலக் கிழியும்.

கடைசியாக ஒன்று. அந்தப் பையனிடம் எரிக்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்லுங்கள். குரோம் தோலை எரித்தால் அதிலுள்ள குரோமியம் கெட்ட வடிவத்துக்கு மாறும். ஆறாம் நிலைக் குரோமியம் என்பார்கள். நம் உடம்புத் தோலுக்கும் மூச்சுக்கும் ஆகாது. ஏற்றுமதித் தோலில் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று ஐரோப்பாவில் 2015 முதல் சட்டமே இருக்கிறது. நான் பாலாற்றங்கரையில் வளர்ந்தவள். தோல் தண்ணீரைக் கெடுத்த கதையில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்னதே, அது எங்கள் ஆற்றின் கதை. இந்தத் தோலை நெருப்புக்குத் தராமல் தோளில் தூக்கி வந்தீர்களே, அதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதினேன்.

பெரியமேட்டுப் பை (சென்னை):

அக்கா எழுதியதற்கு மேல் எழுதப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஓர் இடத்தில் மாறுபடுகிறேன். எல்லாவற்றையும் மடிக்க வேண்டியதில்லை. நான் பெரியமேட்டில் துண்டுத் தோலைக் கிலோக் கணக்கில் வாங்கிச் சந்தைகளில் கடை போடுகிறவன். சாவிப்பட்டை, ஒயர் சுற்றி வைக்கும் பட்டை, புத்தக அடையாளம் போன்றவற்றுக்கு இரண்டு துண்டுகளைப் பஞ்சுப் பக்கம் உள்ளே வரும்படி முதுகோடு முதுகாக ஒட்டிவிடுவேன். ஒட்டி, காய்ந்து, அதன்பிறகுதான் வெட்டுவேன். முன்னால் வெட்டி ஒட்டினால் இரண்டும் ஒருபோதும் பொருந்தாது. இரும்பு அளவுகோலை வைத்துக் கத்தியை இழுத்தால் தோல் கூடவே நீண்டு கோணலாகும். சக்கரக் கத்தி இருந்தால் நல்லது. இல்லையென்றால் அளவுகோலை நன்றாக அழுத்தி, மெதுவாக மூன்று கீறலில் வெட்டுங்கள். பிறகு ஓரத்துக்கான சாயம் மெல்லியதாக ஒரு பூச்சு, 400 எண் உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு, மறுபடி ஒரு பூச்சு. மூன்று பூச்சில் பஞ்சு அடங்கிவிடும்.

அட்டை வைக்கும் பர்ஸ் செய்வதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை. வங்கி அட்டை 85.6க்கு 54 மில்லிமீட்டர். தோல் நீளுமே என்று இறுக்கமாகத் தைத்துவிடாதீர்கள்; தையலுக்கு உள்ளே 90 விடுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு அறை வைத்தால் பர்ஸ் செங்கல்லாகிவிடும். சோபாத் தோலுக்கு இரண்டு அறை போதும்.

வழிந்த பசையைத் துடைக்காதீர்கள் என்று அக்கா ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த ஒரு வரியின் விலை எனக்குத் தெரியும். ஒரு கல்யாணத்துக்குத் தாம்பூலத்தோடு கொடுக்க 40 சிறு பைகள் கேட்டார்கள், அரக்கு நிறம். எல்லாம் முடிந்து, முந்தின இரவு, ஓரத்தில் இருந்த பசையைத் தின்னர் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்தேன். பசை போனது. கூடவே அரக்கு நிறமும் போனது. உள்ளே இருந்து சாம்பல் நீலம் எட்டிப் பார்த்தது. 40இல் 23 அப்படி. விடிய விடியத் திரும்பத் தைத்தும் 31தான் கொடுக்க முடிந்தது. பெண்ணின் தாய்மாமன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆம்பூர்த் தையல்:

சாவிப்பட்டைக்குச் சாயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தினமும் கையில் படுகிற, மடங்கி நிமிர்கிற பொருளில் போடாதீர்கள். சென்னைப் புழுக்கத்தில் ஒரு வருடம் போனால் தோலுரிந்த பாம்புபோல நீளமாக உரிந்து வரும். கைப்பையின் பிடியை மடித்துத்தான் தைக்க வேண்டும்.

தின்னர் கதைக்குச் சிரிக்கக் கூடாது. சிரித்துவிட்டேன்.

குத்தூசி (கோயம்புத்தூர்):

நான் ஆறு மாதம் வீணடித்தது தோலால் இல்லை, யாரும் இப்படிச் சொல்லித் தராததால் என்று இப்போது தெரிகிறது. மிச்சத் துண்டுகளைப் பரண்மேல் இருந்து இறக்கியிருக்கிறேன். அக்கா, கண்ணாடிக் கூட்டுக்கு உள்ளே விறைப்புக்கு என்ன வைப்பது?

ஆம்பூர்த் தையல்:

பைண்டிங்காரரிடம் கேளுங்கள். அட்டையைப் பற்றி நான் என்ன சொல்ல?

பைண்டிங்காரர் (திருச்சி):

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். அம்மா, உங்கள் பதிலை மனைவிக்கும் படித்துக் காட்டினேன். "31 வருடம் என்ன செய்தீர்கள்?" என்ற வரி வந்ததும், இதைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றாள்.

கொதிநீர்ச் சோதனை முதலில். வீட்டில் பால் காய்ச்சும் பாத்திரத்தைத் தர மறுத்துவிட்டார்கள். டீக்கடையிலிருந்து பழைய டின் ஒன்று வாங்கி வந்தேன். பழைய ஆட்டுத்தோல் துண்டு இரண்டு விரல் நீளம் இருந்தது. தண்ணீரில் விழுந்த கணத்தில் உயிர் வந்ததுபோலத் துள்ளிச் சுருண்டது. எடுத்துப் பார்த்தால் ஒன்றேகால் விரல், பட்டைமிளகாய் வற்றல்போல விறைப்பு. சோபாத் தோல் குளித்துவிட்டு வந்ததுபோல அப்படியே படுத்திருந்தது. காரணம் கேட்டுத் தெரிந்துகொள்வது வேறு, டின்னுக்குள் பார்ப்பது வேறு.

பிறகு இழுத்துப் பார்த்துப் பிரித்ததில், 9 கிலோவில் நல்ல இடம் என்று சொல்லத் தக்கது 3 கிலோவுக்குச் சற்று மேல். மீதி எல்லாம் வயிறு. உலகத்தில் இவ்வளவு வயிறு இருக்கிறது என்று எனக்கு இதுவரை தெரியாது.

சீவுவதற்கு என்னிடம் ஒரு வசதி இருந்தது. அச்சகத்தில் கல்லச்சு நின்றபோது குப்பைக்குப் போன கல் ஒன்றை நான் எடுத்து வந்திருந்தேன். வீட்டில் இத்தனை நாளும் ஊறுகாய் ஜாடிக்கு அடியில் கிடந்தது. ஜாடியை இறக்கிக் கல்லைக் கழுவினேன். ஆட்டுத்தோல் சீவிய கைதானே என்று இறங்கினால், முதல் மூன்று துண்டுகளில் கத்தி நேராக மறுபக்கம் வந்துவிட்டது. ஆட்டுத்தோல் கத்திக்குக் கட்டுப்படும், சீவல் தூளாக உதிரும். இது நழுவுகிறது. வழவழப்புப் பக்கத்தில் காகித ஒட்டுநாடா ஒட்டிவிட்டுச் சீவிப் பார்த்தேன். நாடா தோலை நீளவிடாமல் பிடித்துக்கொண்டது. நான்காவது துண்டிலிருந்து கை நின்றது. நாடாவை உரிக்கும்போது மட்டும் மெதுவாக, படுக்கைவாக்கில் உரிக்க வேண்டும். யாருக்காவது பயன்படும் என்று எழுதுகிறேன்.

கோயம்புத்தூர்த் தம்பிக்கு: விறைப்புக்கு நான் வைத்தது 1 மில்லிமீட்டர் பைண்டிங் அட்டை. அட்டையிலும் நார் ஓடும் திசை உண்டு. ஈரம் பட்டால் அதற்குக் குறுக்கேதான் வளையும். திசை தெரிய வேண்டுமானால் இரண்டு பக்கமும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். எளிதாக வளைகிற மடிப்புக்கோடு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதுதான் நாரின் திசை. அது கூட்டின் நீளவாக்கில் இருக்கட்டும். நான் சொல்யூஷனைத் தோலின் மடிப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். அட்டையோடு ஒட்ட நமக்குப் பழகிய மைதாப் பசைதான், பூச்சி வராமல் இருக்கச் சிட்டிகை மயில்துத்தம் போட்டது. தோலின் பஞ்சுப் பக்கம் அதை நன்றாகவே பிடித்துக்கொள்கிறது. ஆனால் முழுதாகக் காய ஒரு பகல், ஓர் இரவு ஆகிறது. அட்டை வெளிப்பக்கம் வளைந்தும்விட்டது. மறுபக்கம் ஒரு காகிதம் ஒட்டியதும் திரும்பி நேரானது. எந்தப் புத்தக அட்டைக்கும் இதுதானே வழக்கம்.

கண்ணாடிக் கூடு காப்பி நிறத்தில் ஆகியிருக்கிறது, 17க்கு 8 சென்டிமீட்டர். உள்ளே மோர் நிற வயிற்றுத் தோல். மடித்த ஓரத்தை எலும்புத் தகட்டால் தேய்த்தபோது, அது விரலுக்கடியில் உருண்டையாகத் திரண்டு நின்றது. நூலைக் கீறல்களில் இழுத்ததும் அவை வாய் பிளக்கவில்லை, மூடிக்கொண்டன. பேத்தி காசுப்பை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், நோட்டுப் புத்தகத்துக்கு உறைதான் வேண்டுமாம். அரக்கு நிறத்தில் நாலு துண்டுகளைச் சேர்த்து அதையும் போர்த்திவிட்டேன்.

பட்டறையில் இனி எரிப்பதில்லை. பையன் வெட்டும்போதே பெரிய துண்டுகளைத் தனிச் சாக்கில் போடுகிறான். முதுகுப்பக்கம் வந்தால் சொல் என்றேன்; "தாத்தா, முதுகெல்லாம் சோபாவுக்கு" என்கிறான்.

ஒரே ஒரு ஏக்கம் பாக்கி. பித்தளை எழுத்துகள். பேத்தியின் நோட்டில் அவள் பெயர் இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

பெரியமேட்டுப் பை (சென்னை):

ஐயா, பள்ளம் நிற்காது, நிறம் நிற்கும். தங்க நிறத் தாள் விற்கிறதே, சூட்டில் ஒட்டுவது, அதை இடையில் வைத்து அதே எழுத்தை அழுத்துங்கள். மேலே இருக்கும் பூச்சு அதைப் பிடித்துக்கொள்ளும். சூடு அதிகமானால் பூச்சு இளகி எழுத்தோடு வந்துவிடும். முதலில் உங்களிடம் இருக்கும் வயிறுகளில் ஒரு பத்துத் தடவை பழகிவிட்டுப் பிறகு நோட்டுக்குப் போங்கள்.

பைண்டிங்காரர் (திருச்சி):

தங்கத் தாளா! அது பீரோவில் ஒரு சுருள் கிடக்கிறது. புத்தக முதுகுக்கு வைத்தது. என் புத்தி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இன்றைக்கே வயிற்றில் எழுதிப் பார்க்கிறேன்.

கண்ணாடிக் கூட்டின் படம் இணைத்திருக்கிறேன்.

ஆம்பூர்த் தையல்:

படம் பார்த்தேன். தையல் நேராக இருக்கிறது, ஓரம் சீராக இருக்கிறது. ஆனால் மூன்று படமும் வெளிப்பக்கமாகவே எடுத்திருக்கிறீர்கள். எங்கள் சூப்பர்வைசர் வெளிப்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். மூடியைத் திறந்து உள்மூலையைக் காட்டுங்கள்.

பைண்டிங்காரர் (திருச்சி):

உள்மூலையில் மூன்று சுருக்கம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பட்டாணி அளவுக்குப் புடைத்திருக்கிறது அம்மா. அதனால்தான் காட்டவில்லை.

ஆம்பூர்த் தையல்:

தெரியும். அடுத்ததில் மூலைக்கு மட்டும் இன்னும் ஒரு சீவல் கூடுதலாக எடுங்கள். சுருக்கத்தை விரலால் பிடிக்காதீர்கள், குத்தூசி முனையால் ஏழெட்டாகப் பிரித்து விசிறிபோல வையுங்கள். செய்துவிட்டு மூடியைத் திறந்து படம் போடுங்கள்.